ரேடியாலஜிக்கு விண்ணப்பித்த ஆண்டில் எலெக்டிவ்களை அடுக்கிய கதை

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டு பெரும்பாலும் மாணவர் கையில்தான் இருக்கிறது. இன்டர்ன் போலவே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சப்-இன்டர்ன்ஷிப் போன்ற சில கட்டாய மாதங்கள் போக, மற்றதை நாமே தேர்ந்தெடுக்கலாம்; அவற்றைத்தான் எலெக்டிவ் என்பார்கள். நான் மிச்சிகனில் படித்தேன். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் படித்து நோயைக் கண்டறியும் டயக்னாஸ்டிக் ரேடியாலஜியில் மேற்பயிற்சிக்கு (ரெசிடென்சி) 2024 செப்டம்பரில் விண்ணப்பித்து, 2025 மார்ச்சில் இடம் கிடைத்தது. அடுத்த செட்டில் வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் எந்த மாதம் எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

பட்டியல் போடுவதற்கு முன்பே, எங்கள் மருத்துவமனையில் ரேடியாலஜி ரெசிடென்டாக இருந்த மதுரைக்கார அக்கா ஒருவரிடம் போய்க் கேட்டேன். நியூரோ, எலும்பு, குழந்தைகள் என்று ரேடியாலஜி எலெக்டிவாகவே எடுத்துத் தள்ளலாமா என்பதுதான் கேள்வி. "இன்டர்ன் வருஷம் முடிஞ்சா நாலு வருஷம் ஸ்கேன்தான் பார்க்கப் போறே தம்பி. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நின்னு பார்க்கிறது இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது. நீ எழுதப் போற ரிப்போர்ட்டை யார் படிக்கிறாங்க, படிச்சிட்டு என்ன பண்றாங்கன்னு போய்ப் பாரு" என்றார். என் ஆண்டு முழுவதும் அந்தப் பேச்சின்படிதான் அமைந்தது. இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஆனால் காலண்டருக்கு என்று ஒரு கட்டாயம் உண்டு. விண்ணப்பம் இ.ஆர்.ஏ.எஸ். என்ற பொது இணையதளம் வழியாகப் போகும். எங்கள் ஆண்டில் செப்டம்பர் 25 முதல் மருத்துவமனைகள் அதைத் திறந்து பார்க்கலாம் என்று இருந்தது. அதற்குள் பரிந்துரைக் கடிதங்கள் வந்து சேர வேண்டும். ஓர் இடத்துக்கு அதிகபட்சம் நான்கு கடிதங்கள்தான் அனுப்பலாம். மருத்துவ உரிமத்துக்கான தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1-ல் 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். அதனால் அடுத்த தேர்வான ஸ்டெப் 2 மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், அதுவும் செப்டம்பருக்குள் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே மே முதல் ஆகஸ்ட் வரையான நான்கு மாதங்களைக் கடிதம் எங்கிருந்து வரும் என்று யோசித்துத்தான் நிரப்ப முடியும். ஏப்ரலை ஸ்டெப் 2-க்கு ஒதுக்கினேன். மே புற்றுநோய் அறுவை சிகிச்சை, ஜூன் எங்கள் மருத்துவமனையிலேயே ரேடியாலஜி, ஜூலை பொது மருத்துவத்தில் சப்-இன்டர்ன்ஷிப், ஆகஸ்ட் வெளியூரில் ரேடியாலஜி.

ரேடியாலஜியில் சேர்பவர்கள் முதல் ஓராண்டு மெடிசினிலோ சர்ஜரியிலோ இன்டர்னாக வேலை செய்ய வேண்டும், அப்புறம்தான் நான்காண்டு ரேடியாலஜி. பல இடங்களில் அந்த முதல் ஆண்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அங்கே தேர்வு செய்பவர்கள், இந்தப் பிள்ளை நோயாளியைப் பார்த்துக்கொள்ளுமா என்றுதான் கடிதத்தில் தேடுவார்கள். எனவே இரண்டு ரேடியாலஜி கடிதம், இரண்டு கிளினிக்கல் கடிதம் என்று வைத்துக்கொண்டேன்.

மே மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வாராவாரம் ட்யூமர் போர்டு நடக்கும். சர்ஜன், கீமோ மருத்துவர், திசுவை ஆராயும் பெத்தாலஜிஸ்ட், ரேடியாலஜிஸ்ட் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியாகப் பேசுவார்கள். கணையப் புற்றுநோய் என்றால் முதல் கேள்வி, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சுப்பீரியர் மெசென்டெரிக் தமனியைக் கட்டி எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதுதான். தமனியின் சுற்றளவில் 180 டிகிரி வரை தொட்டால் ஒரு வகை: முதலில் கீமோ கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் சுற்றியிருந்தால் பெரும்பாலும் எடுக்க முடியாத கட்டி என்று வகைப்படுத்துவார்கள். ஒரு நோயாளியின் பழைய ரிப்போர்ட்டில், கட்டி தமனியைத் தொடுகிறது என்று மட்டும் இருந்தது. சர்ஜன் அதைப் படித்துவிட்டு நேராக ரேடியாலஜிஸ்ட் பக்கம் திரும்பி, பாதிக்கு மேலா கீழா என்றார். ரேடியாலஜிஸ்ட் படத்தை மெதுவாக உருட்டி, ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். பாதிக்குக் கீழே. அந்தப் பெண்மணிக்கு அன்றைக்குக் கீமோ திட்டம் முடிவானது. தொடுகிறது என்று எழுதுவதற்கும் எவ்வளவு தொடுகிறது என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை ஸ்கேன் படிக்கும் எந்த ரீடிங் ரூமும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகக் காட்டியிருக்காது.

அதே மாதத்தில் ஒரு விப்பிள் அறுவை சிகிச்சை, அதாவது கணையத் தலையை அகற்றுவது. கல்லீரலின் வலப்பக்கத்துக்குப் போகும் தமனி சுமார் பத்தில் ஒருவருக்கு வழக்கமான இடத்தில் கிளம்பாமல், மெசென்டெரிக் தமனியிலிருந்து கிளம்பிக் கணையத் தலைக்குப் பின்னால் ஏறும். தெரியாமல் வெட்டிவிட்டால் கல்லீரலுக்கு ரத்தம் குறைந்துவிடும். அந்த நோயாளிக்கு அப்படித்தான் இருந்தது, ரிப்போர்ட்டிலும் ஒரே வரியில் இருந்தது. சர்ஜன் என் விரலைப் பிடித்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரைக்குப் பின்பக்கம் வைத்து, துடிக்கிறதா என்றார். துடித்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் அந்தப் பக்கம் கத்தி வைக்கிறார். மாதக் கடைசியில் அவரிடமே கடிதம் கேட்டேன். ரேடியாலஜிக்குப் போகிற பிள்ளை தியேட்டரில் கடைசி வரை நின்றது என்று எழுதியிருந்தாராம். நேர்காணலில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் மாத ரேடியாலஜி எலெக்டிவுக்கு வேறு மாதிரி தயாரிப்பு தேவை. அங்கே மாணவருக்கு என்று கையில் வேலை இருக்காது. இருட்டறையில் அட்டெண்டிங் எனப்படும் மூத்த மருத்துவருக்குப் பின்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தால் மதியத்துக்கு மேல் கண் சொக்கும். அவருக்கும் நம்மைப் பற்றி எழுத எதுவும் கிடைக்காது. நான் காலியாக இருக்கும் கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் பார்ப்பதற்கு முன் ஒரு ஸ்கேனை எடுத்து, தெரிந்ததைக் காகிதத்தில் எழுதிவைப்பேன். அவர் டிக்டேட் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்ப்பேன். பிறகு அந்த நோயாளிக்கு என்ன ஆனது, பயாப்சி என்ன சொன்னது என்று தேடிப் பார்த்து வாரக் கடைசியில் அவரிடம் சொல்வேன். ரிப்போர்ட் எழுதியவருக்கே பல சமயம் முடிவு தெரிந்திருக்காது, அதனால் ஆவலாகக் கேட்பார். மாணவர்கள் யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

போன் வரும்போதும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு வலப்பக்க அடிவயிற்று வலி, என்ன ஸ்கேன் எடுக்கட்டும் என்று எமர்ஜென்சியிலிருந்து கேட்பார்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. என்று பதில் போகும். இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி ஒரு வழிகாட்டித் தொகுப்பு வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசம். அந்த மாதம் முழுக்க அதுதான் எனக்குப் பாடப்புத்தகம்.

வெளியூர் ரொட்டேஷன் பற்றித்தான் நிறையப் பயம். எலும்பு சர்ஜரி போன்ற துறைகளில் அது கிட்டத்தட்ட கட்டாயம். ரேடியாலஜியில் அப்படி இல்லை. சொந்தக் கல்லூரியில் ரேடியாலஜி ரெசிடென்சி இல்லாதவர்களும், வேறு மாநிலத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பவர்களும் ஒன்று செய்தால் போதும். அப்பா அம்மா ஹியூஸ்டனில் இருப்பதால் நான் டெக்சாஸ் போனேன். வெளியூர் ரொட்டேஷன்களுக்கான வி.எஸ்.எல்.ஓ. தளத்தில் விண்ணப்பிப்பது சுலபம், தடுப்பூசிக் காகிதங்கள்தான் பாடாய்ப்படுத்தும். பொதுப் படிவம் ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு மருத்துவமனையும் கூடுதலாக ஏதாவது கேட்கும். ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி அளவு, காசநோய்ப் பரிசோதனை இரண்டையும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதில் ஓர் இடத்திலிருந்து பதிலே வரவில்லை. அதனால் ஒரே இடத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் ஆண்டில் ரேடியாலஜிக்குத் தங்க சிக்னல் 6, வெள்ளி சிக்னல் 6 என்று இருந்தது. எந்த இடங்களில் உண்மையான ஆர்வம் என்று விண்ணப்பத்திலேயே காட்டும் ஏற்பாடு அது. ஆகஸ்டில் போன இடத்துக்குத் தங்கம் கொடுத்தேன். ஒரு மாதம் அங்கே தங்கிவிட்டு சிக்னல் கொடுக்காமல் விட்டால் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை நேர்காணல், எல்லாம் வீடியோவில். அந்த மாதங்களில் கேட்டால் அரைநாள் விடுவார்களா என்று முன்கூட்டியே விசாரித்து எலெக்டிவ் எடுக்க வேண்டும். எனக்கு பெத்தாலஜி அமைந்தது. ஜூனில் சி.டி.யில் பார்த்த சிறுநீரகக் கட்டியை இங்கே மேசையில் வெட்டி வைத்துப் பார்க்க முடிந்தது. படத்தில் கறுப்பாகத் தெரிந்த நடுப்பகுதி அழுகிய திசு என்று கண்ணாலேயே பார்த்தேன்.

மார்ச் தொடக்கத்தில் (எங்கள் ஆண்டில் மார்ச் 5), எந்த இடம் வேண்டும் என்று வரிசைப்படுத்தும் ரேங்க் பட்டியல் மூடிய பிறகு பலர் ஊர் சுற்றக் கிளம்புவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு மாதமாவது ஐ.சி.யு. எடுங்கள். ஜூலையில் இன்டர்னாக நிற்கப் போகிறோம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, தினமும் காலையில் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே. வென்டிலேட்டருக்காகத் தொண்டை வழியே செருகிய சுவாசக் குழாயின் நுனி, மூச்சுக்குழல் பிரியும் இடத்துக்கு 3 முதல் 7 செ.மீ. மேலே இருக்க வேண்டும். கழுத்து குனிந்தால் நுனி சுமார் 2 செ.மீ. இறங்கும். அங்கே நர்ஸ் நோயாளியைப் புரட்டுவதையும் கழுத்து மடங்குவதையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், நாளைக்கு எக்ஸ்ரே படிக்கும்போது கழுத்து எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதத் தோன்றும்.