தமிழய்யா கொண்டுவந்த பன்னாடை

வெளிநாட்டில் வாழும் நமக்காக வருகிற இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்றாம் முறையாகப் போன் செய்த வகுப்புத் தோழன், "இன்னுமா எழுதல, பன்னாடை?" என்றான். அவன் இப்போது தாத்தா. நானும்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அது மருமகள் காதிலும் விழுந்துவிட்டது. முகத்தைச் சுளித்தாள். அவள் சென்னைப் பெண். அவளுக்கு அது தெருச் சண்டையில் வரும் வார்த்தை. எங்களுக்கோ அது நன்னூல் பாடம்.

1981இல், ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர் உடன்குடிப் பக்கத்துக்காரர். ஊட்டிக் குளிர் அவருக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. இத்தனைக்கும் உள்ளேயிருந்து வருகிற குரலில் மட்டும் அவர் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டு வெயில் அடிக்கும். "எலேய் பன்னாடை, எந்திரி."

எந்திரிப்போம். ஆனால் பன்னாடை என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. 7,000 அடிக்கு மேலே பனை ஏது, தென்னை ஏது? தேங்காய் என்பது மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வருகிற பொருள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் படுக மொழி. மீதியில் கன்னடம், மலையாளம் எல்லாம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் விடுதியில் இருந்தார்கள். அவர்கள் கோபம் வந்தால் 'மோடன்' என்பார்கள், முட்டாள் என்று அர்த்தம். அது புரிந்தது. பன்னாடை புரியவில்லை. 'ஆடை' என்று முடிகிறதே, கந்தல் துணியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்திருந்தது. அம்மாவிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். தைத்த பிறகும் அய்யா நிறுத்தவில்லை.

யாரோ ஒருவன் துணிந்து கேட்டுவிட்டான். அய்யா எங்களை உற்றுப் பார்த்தார். "அது தெரியாமலா இத்தனை நாளாத் திட்டு வாங்கினிய?" என்றார். அப்புறம் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கருப்பட்டிப் பொட்டலத்தோடு அதையும் மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்தார்.

முதலில் சாக்குத் துண்டு என்றுதான் நினைத்தோம். பழுப்பு நிறம். நெய்த மாதிரியே நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஆனால் எந்தத் தறியிலும் நெய்ததல்ல. பனையிலும் தென்னையிலும் மட்டையின் அடியில் தானாக உண்டாவது. கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற யூகலிப்டஸ் மரம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அவர் ஊரில் கலயத்திலிருந்து இறக்கிய பதநீரை இதில்தான் வடிகட்டுவார்களாம். எறும்பும் செத்த தேனீயும் சுண்ணாம்புக் கசடும் மேலே தங்கிவிடும்.

பதநீருக்கு ஊட்டியில் எங்கே போவது? வாசல் டீக்கடையிலிருந்து வடிகட்டாத டீ ஒரு சொம்பு வாங்கிவரச் சொன்னார். டம்ளர் வாயில் பன்னாடையை விரித்து ஊற்றினார். டீ கீழே இறங்கியது. மேலே கறுப்பாகச் சக்கை நின்றது.

"இதுல நீ எது, லே?" என்று முன் பெஞ்சுக்காரனைக் கேட்டார்.

"சக்கைங்களா அய்யா?"

"இல்ல, லே. நல்லதைக் கீழ விட்டுட்டுச் சக்கையைக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டிருக்கு பாரு, அதான் நீ."

பிறகுதான் பாட்டைச் சொன்னார். நன்னூலில் பவணந்தியார் மாணவர்களை எட்டு வகையாகப் பிரித்தது: அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம். கடைசித் தரத்தில் இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. இல்லிக்குடம் ஓட்டைக் குடம், ஊற்ற ஊற்ற ஒழுகும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டு அழுக்கை வைத்துக்கொள்ளும். நெய்யரி என்பது இதே பன்னாடைதான் என்றார். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் என்று அவர் விளக்கியபோது, எருமை வளர்க்கிற தோடர்களின் குடியிருப்பான மந்திலிருந்து வருகிற பையன் எழுந்து, "எங்க எருமை அப்படிக் குடிக்காதுங்க அய்யா" என்றான். எருமையைத் தெய்வமாக நினைக்கிற ஊரில் அந்த ஒரு உவமை எடுபடவில்லை. அய்யாவும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

முட்டாள், மடையன் என்றால் மூளை இல்லை என்று பொருள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பன்னாடை அப்படியல்ல. உனக்குச் சொன்னதெல்லாம் உன் வழியாகத்தான் போனது, நீ பிடித்து வைத்துக்கொண்டதுதான் தப்பு என்கிறது. இவ்வளவு கணக்காகத் திட்டுகிற சொல் தமிழில் அதிகம் இல்லை என்பது என் கட்சி. அதை இன்று 'பன்னாடை பரதேசி' என்று சேர்த்துக் கட்டி, உருப்படாதவன், போக்கிரி என்று எதற்கு வேண்டுமானாலும் வீசுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். (பரதேசி என்றால் வேற்று நாட்டான். இந்த மலரைப் படிக்கிற நாம் எல்லோரும் அதுதானே, அதைப் பற்றி நான் பேசவில்லை.)

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, அந்த எட்டுல மண் எதுக்கு நடுத்தரம்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அய்யா அன்று குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தது, டீ அவர் ஸ்வெட்டரில் சிந்தியது, கருப்பட்டித் துண்டுக்காகப் பின் பெஞ்சில் நடந்த அடிதடி, எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது.

அந்தப் பன்னாடையைக் கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தார். தப்பாகச் சொல்கிறவனைப் பார்த்து அதைக் கை காட்டுவதோடு சரி, வாயால் திட்டுவது குறைந்துபோனது. அடுத்த வகுப்பிலும் தமிழுக்கு அவரே வந்ததால் ஆணியும் எங்களோடு அறை மாறியது. ஜூலை மழையில் அதில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்தது. டீக்கறையின் வாசனை வேறு. தலைமையாசிரியர் சுற்றிப் பார்க்க வந்தவர், "என்ன சார் இது, தூக்கிப் போடுங்க" என்றார். அய்யா அதை ஆணியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.