கிளாராவின் கான்செர்ட்டோவும் என் ரொமான்ஸும்

பியானோ படிக்கிறேன் என்று சொன்னால், "எந்த கிரேடு?" என்று கேட்பார்கள். பியானோவுக்கு இசை எழுதுகிறேன் என்று சொன்னால், "சினிமாவுக்கா?" என்பார்கள். சினிமாவுக்கு இல்லை. என் இசையில் பாடல் வரியும் இல்லை, பாடகரும் இல்லை. ஐந்து கோடுகளில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்து வாசிக்கக்கூடிய மேற்கத்திய செவ்வியல் இசைதான் நான் எழுதுவது. நாகர்கோவிலில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண் அதை எதற்காக எழுத வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கிளாரா வீக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். இன்றும் அப்படித்தான்.

பிற்காலத்தில் கிளாரா ஷூமான் என்று உலகம் அறிந்த அவர், 1819 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். அப்பா ஃபிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர், பியானோ வியாபாரி, மகளைப் பெரிய கலைஞராக்கியே தீருவது என்று நின்றவர். மகளின் நாட்குறிப்பைக்கூட அவரே "நான்" என்று போட்டு எழுதிய காலம் உண்டு. ஒன்பது வயதில் கெவாண்ட்ஹவுஸ் அரங்க மேடையில் கிளாரா முதன்முதலாக வாசித்தார். 1831-இல் அவர் எழுதிய நான்கு பொலோனைஸ்கள் (போலந்து நடன வடிவிலான பியானோ இசை) 'ஓபஸ் 1', அதாவது படைப்பு எண் 1, என்று அச்சில் வந்தன. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகியிருந்ததோ இல்லையோ. 1833 ஜனவரியில், பதின்மூன்று வயதில், பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக ஏ மைனரில் ஒரு படைப்பைத் தொடங்கினார்.

முதலில் அவர் எழுதியது ஒரே ஒரு பகுதி. தனி வாத்தியம் ஒன்று முழு ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பைக் கான்செர்ட்டோ என்பார்கள். இன்று நாம் கேட்கும் கிளாராவின் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி அது. அதற்கு ஆர்கெஸ்ட்ரா அமைத்துக் கொடுத்தவர், பிற்பாடு கிளாராவின் கணவரான இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான். முன்னால் வர வேண்டிய இரண்டு பகுதிகளையும் எழுதி முடிக்கும்வரை கிளாரா காத்திருக்கவில்லை. இருந்த ஒரு பகுதியை 1834-இல் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டே மற்றவற்றை எழுதினார். 1835 நவம்பர் 9 அன்று கெவாண்ட்ஹவுஸில் முழு கான்செர்ட்டோவும் அரங்கேறியது. பியானோவில் பதினாறு வயது கிளாரா, ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன்.

கிளாராவிடம் நான் எடுத்துக்கொண்டது இந்த வேலை முறையைத்தான். எழுதிய அளவை வாசித்துக் காட்டு, காட்டியபின் மேலே எழுது. "எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு எழுதலாம்" என்பவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். கிளாரா முறையாகப் படிக்காதவர் அல்ல. தாமஸ் தேவாலயத்தின் இசைத் தலைவர் வைன்லிக்கிடம் இசைக் கோட்பாடு படித்தார். ஓபரா இசையமைப்பாளர் வாக்னருக்குப் பாடம் சொன்னவரும் அதே வைன்லிக்தான். அந்தப் படிப்பும் எழுத்தும் மேடையும் கிளாராவுக்கு ஒரே காலத்தில் நடந்தன. அன்றைய பியானோ கலைஞர் ஒருவர் கச்சேரி செய்தால், தன் சொந்தப் படைப்பு ஒன்றையாவது வாசிப்பார் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். வாசிப்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்று ஆனது பிற்பாடுதான்.

நம் ஊர் பியானோ படிப்பிலும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. கிரேடு தேர்வு, மூன்று பாடங்கள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசித்தல், முடிந்தால் அடுத்த கிரேடு. ஆனால் டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் பியானோ கிரேடு தேர்வில், பட்டியலில் உள்ள பாடங்களில் ஒன்றுக்குப் பதிலாக மாணவர் தன் சொந்தப் படைப்பை வாசிக்கலாம் என்று விதியே இருக்கிறது. அந்த கிரேடின் தரத்துக்கு இணையாக இருக்க வேண்டும், கையால் எழுதிய பிரதியோ அச்சிட்ட பிரதியோ ஒன்றைத் தேர்வாளரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்திட்டத்தின் அந்தப் பக்கத்தைப் பல மாணவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் டீச்சர் அதை எனக்குக் காட்டினார். "பட்டியலில் உள்ளதை வாசித்தால் மதிப்பெண் பத்திரமாக வந்துவிடும். இதை வாசித்தால் உனக்கு வேறு ஒன்று வரும்" என்றார். நான் ஆறாம் கிரேடில், நானே எழுதிய ஒரு சிறு பியானோ படைப்பை, என் பிரெல்யூடைத்தான் வாசித்தேன். நான் எழுதிய தாளை ஒருவர் மேசையில் விரித்து, பென்சிலைக் கையில் பிடித்தபடி, என் விரல்களைப் பார்க்காமல் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டது அதுவே முதல்முறை. எழுதிய ஒவ்வொரு புள்ளிக்கும் நான் பொறுப்பு என்ற உணர்வு அன்றைக்கு வந்தது. பியானோ ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் மாணவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எனக்கு இசை எழுதக் கற்றுக்கொடுத்தது எது என்று கேட்டால், பியானோவுக்கு முன்னால் ஆல்டோவை, அதாவது நான்கு குரல் பாட்டில் மேல் குரலுக்கு அடுத்துக் கீழே வரும் குரலைச் சொல்வேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவயதிலிருந்து நான் ஆல்டோ. கீர்த்தனைகளை எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவோம். பாமாலைகள் வந்தால் நான்கு குரல்களாகப் பிரிவோம். டானிக் சோல்ஃபா எழுத்துகளை (டோ, ரே, மீ என்று ஸ்வரங்களை எழுதும் முறை) பார்த்து ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பயிற்சி எடுக்கும். மேல் குரலான சொப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும், அடிக்குரலான பேஸுக்கு ஏற்ற இறக்கம் கிடைக்கும். ஆல்டோவுக்குப் பல பாட்டுகளில் "ஸோ, ஸோ, ஸோ, ஸோ" என்று ஒரே ஸ்வரம். ஆனால் மற்ற மூன்று குரல்களும் நகர நகர, அந்த ஒரே ஸோவின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வரியில் ஊன்றி நிற்பதுபோல் இருக்கும், அடுத்த வரியில் அதே ஸ்வரம் எங்கோ போகத் தவிக்கும். மெட்டைப் பாடுகிறவர்களுக்கு இது கேட்காது. நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் கேட்கும்.

இப்போது நான் எழுதி முடித்திருக்கும் ரொமான்ஸ் அங்கிருந்து வந்தது. பாட்டுபோல் மென்மையாக நகரும் வாத்திய இசைக்கு ரொமான்ஸ் என்று பெயர். பியானோவுக்கும் செல்லோவுக்குமான (வயலின் இனத்தின் பெரிய, ஆழக் குரல் வாத்தியம்) சிறிய படைப்பு, ஈ மைனர். தொடக்கத்தில் வலது கையின் கட்டைவிரல் 'பி' ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேலே நான்காம், ஐந்தாம் விரல்கள் மெட்டைப் பாடுகின்றன. கீழே இடது கை ஈ மைனர், ஜி மேஜர், பி மேஜர் என்று நகர்கிறது. இப்படி ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுதான் கார்டு. மூன்று கார்டுகளுக்கும் அந்த 'பி' பொது. முதலில் அது உச்சியில் இருக்கும் ஸ்வரம், அடுத்து நடுவில், கடைசியில் அதுவே அடித்தளம். ஆல்டோவின் ஸோவேதான். வாசிப்பவருக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. கையிலேயே வலுவான விரல் கட்டைவிரல், அதை மெதுவாக வாசித்து, பலவீனமான சுண்டுவிரலை உரக்கப் பாடவைக்க வேண்டும். கையின் எடையைச் சுண்டுவிரல் பக்கம் சற்றே சாய்த்து, கட்டைவிரலைக் கட்டையைவிட்டு எடுக்காமல் வைத்திருந்தால் வரும்.

செல்லோவை ஏன் சேர்த்தேன் என்பதற்குக் காரணமும் கிளாராதான். அவருடைய கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியின் பெயர் ரொமான்ஸ். அதற்குள் வந்ததும் ஆர்கெஸ்ட்ரா ஏறக்குறைய முழுவதும் ஓய்ந்துவிடுகிறது. பியானோ முதலில் தனியாக மெட்டைப் பாடுகிறது, பிறகு ஒரே ஒரு செல்லோ அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவ்வளவு பேரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒருவரைக் கூப்பிடும் துணிச்சல் அந்த வயதில் அவருக்கு இருந்திருக்கிறது. மூன்று பகுதிகளும் இடைவெளியே இல்லாமல் தொடர்வது இன்னொரு துணிச்சல். முதல் பகுதி ஏ மைனர், ரொமான்ஸ் ஏ பிளாட் மேஜர். காதுக்கு இரண்டும் வெகு தூரம். ஆனால் ஏ மைனருக்குத் திரும்ப அழைக்கும் ஈ மேஜர் கார்டின் நடு ஸ்வரம் ஜி ஷார்ப். பியானோவில் ஜி ஷார்ப்பும் ஏ பிளாட்டும் ஒரே கறுப்புக் கட்டை. அந்த ஒரு கட்டையில் விரலை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள கார்டுகளை மாற்றிப் பாருங்கள், இரண்டு ஊர்களும் எவ்வளவு பக்கம் என்று கைக்கே தெரியும். பியானோவில் உட்கார்ந்து யோசித்த ஒருவரின் இசை இது.

எங்கள் ஊரில் செல்லோ வாசிப்பவரைத் தேடிப் பிடிப்பது கடினம். சென்னையில் செல்லோ படிக்கும் ஓர் அண்ணனிடம் ஸ்கோரை, அதாவது நான் எழுதிய இசைத்தாளை, அனுப்பினேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, அவர் வீட்டு முன்னறையில் ஒரு டிஜிட்டல் பியானோவை வைத்துக்கொண்டு வாசித்தோம். நடுப்பகுதியில் செல்லோவுக்கு நான்கு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்கு ஒரே ஸ்லர் போட்டிருந்தேன். ஸ்லர் என்றால் அந்த நீளம் முழுவதையும் வில்லைத் திருப்பாமல் வாசிக்க வேண்டும். அவர் முதல் வரியை வாசித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இந்த வேகத்தில், இவ்வளவு சத்தத்தில் என் வில் அவ்வளவு தூரம் வராது. எங்கே திருப்பட்டும்?"

மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் எழுதி, கணினியை வாசிக்கவிட்டுக் கேட்கும்போது இந்தக் கேள்வி எழுவதே இல்லை. கணினிக்கு வில் தீர்ந்துபோவதில்லை. நீங்களே பாடுவதானால் எங்கே மூச்சு எடுப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மூன்றாம் பாரின் உச்ச ஸ்வரத்துக்குச் சற்று முன்னால் அவர் வில்லைத் திருப்பினார். மெட்டு அங்கே ஒரு கணம் தயங்கிவிட்டு உச்சிக்கு ஏறியது. கேட்டவுடன் எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தத் தயக்கம் செல்லோவோடு நிற்கக்கூடாது என்று, அதே இடத்தில் பியானோவின் பெடலையும் விடச் சொல்லி ஸ்கோரில் எழுதிவிட்டேன். இன்று கேட்பவர்களில் பலர் அந்த இடத்தைத்தான் குறிப்பிட்டுப் பேசுகிறார்கள். அது அந்த அண்ணனின் வில்லிலிருந்து பிறந்தது. ஸ்கோரில் விரல் எண்களும் வில் குறிகளும் போடும்போது, செல்லோ பகுதியில் அவருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் பியானோ படிக்கும் தோழி ஒருத்தி தொடக்கப் பகுதியை மட்டும் வாசித்துப் பதிவு செய்து அனுப்பினாள். நான் வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசித்திருந்தாள். அந்த வேகத்தில் கட்டைவிரலின் 'பி'யே மெட்டாகிவிடுகிறது, மேலே இருப்பது அதற்கு அலங்காரமாகிவிடுகிறது. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் ஸ்கோரின் தலைப்பில் வேகத்துக்கு எண் போடாமல் 'ஆண்டான்டே' (நடை வேகம்) என்று மட்டும் விட்டிருக்கிறேன்.

கிளாராவின் கதையில் என்னை உறுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. அந்த கான்செர்ட்டோ 1837-இல் ஓபஸ் 7 என்று அச்சானது. ஷூமான் தொடங்கிய இசை இதழிலேயே, இது ஒரு பெண்ணின் படைப்பு என்பதால் இதை முறைப்படி விமர்சிக்க இடமில்லை என்கிற தோரணையில் ஒருவர் எழுதினார். 1839 நவம்பரில், இருபது வயதில், கிளாரா தன் நாட்குறிப்பில் எழுதியதன் சாரம் இது: எனக்குப் படைப்பாற்றல் உண்டு என்று ஒருகாலத்தில் நம்பினேன், இப்போது அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன், ஒரு பெண் இசையமைக்க ஆசைப்படக்கூடாது, இதுவரை எந்தப் பெண்ணாலும் முடியாதது என்னாலா முடியும்? லைப்சிக்கில் மெண்டல்சன் நடத்த, தன் கான்செர்ட்டோவைத் தானே வாசித்தவர் எழுதிய வரிகள் இவை.

அதற்குப் பிறகும் அவர் எழுதினார். 1846-இல் ஜி மைனரில் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான பியானோ டிரியோ, 1853-இல் வயலினுக்கும் பியானோவுக்கும் மூன்று ரொமான்ஸ்கள். 1856-இல் கணவர் ஷூமான் இறந்த பிறகு எழுதுவது ஏறத்தாழ நின்றுபோனது. குழந்தைகளைக் காப்பாற்ற ஊர் ஊராகக் கச்சேரி செய்தார், 1878 முதல் ஃபிராங்ஃபர்ட்டில் பாடம் சொன்னார், 1896 வரை வாழ்ந்தார். அந்த நாற்பது ஆண்டுகளில் வந்திருக்க வேண்டிய இசையை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இருக்கும் இசையையாவது நாம் வாசிக்க வேண்டாமா? ஓபஸ் 7-இன் ஸ்கோர் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ரொமான்ஸ் பகுதியைப் பியானோவும் செல்லோவும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிறிய அறையில் வாசித்துவிடலாம். நாங்கள் வாசித்தோம், என் ரொமான்ஸுக்கு முன்னால் அதைத்தான் வாசித்தோம்.

ஊரில் தேவாலயத்தின் பக்கத்து அறையில் பாடகர் குழுவுக்கு வாசித்துக் காட்டியபோது பியானோ மட்டும்தான் இருந்தது, செல்லோவின் மெட்டை நானே பாடினேன். முடிந்ததும் குழுவின் மூத்த பேஸ் குரல்காரர், "மக்களே, நடுவில் நிற்கிற குரல் ஆல்டோதானே?" என்று கேட்டார். சொல்லாமலே அவருக்குக் கேட்டிருக்கிறது.

ஸ்கோரை இலவசமாகவே கொடுக்கிறேன். வாசிப்பவர்கள் எங்கே தடுக்கியது, எங்கே பிடித்தது என்று எனக்கு எழுதினால் போதும். செல்லோ இல்லாத ஊர்களுக்காக வயலின் பகுதி ஒன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது செல்லோ வரியை அப்படியே தூக்கி வைப்பதோடு முடியவில்லை. கடைசி வாக்கியத்தில் செல்லோ கீழே ஆழத்து 'ஈ'க்கு இறங்குகிறது, வயலினோ ஜி கம்பிக்குக் கீழே போகாது. அதே ஸ்வரத்தை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) உயர்த்தினால் பியானோவின் இடது கை இருக்கும் இடத்திலேயே வந்து மோதுகிறது. ஆகவே அந்த இடத்தில் இடது கையை ஓர் ஆக்டேவ் கீழே இறக்கி, கார்டுகளைப் பிரித்து எழுதிப் பார்க்கிறேன். வயலின் வாசிக்கும் யாராவது அதைச் சோதித்துப் பார்க்கத் தயாராக இருந்தால் சொல்லுங்கள், இப்போது இருக்கும் நிலையிலேயே அனுப்புகிறேன்.