லிட்டருக்கு ஆறு பைசா

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கும் என் மாமாவின் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் நிறைந்து கிடந்தும், மாடுகள் அதில் வாய் வைக்காத ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பாய்ச்சிய வாய்க்கால் காய்ந்ததும் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் குட்டையாகிப்போனது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, கழிவுநீரை வெளியேற்றும் பட்டறைகள் 2007 ஜனவரி முதல் லிட்டருக்கு 6 பைசாவும், பின்னர் 8, 10 பைசாவுமாகச் செலுத்த வேண்டும் என்றது. மாசுக்கு விலை வைப்பது என்று பொருளியலார் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு 6 பைசா வீதம் 6,000 ரூபாய் ஆகிறது. அதே நீரைச் சவ்வில் வடிகட்டி, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்றால், கணக்குத் தெரிந்த எவரும் பணத்தைக் கட்டிவிட்டு ஆற்றில்தான் திறந்துவிடுவார். பிழை அவரிடம் இருப்பதைவிட விலையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு குறையும் உண்டு. கட்டணம் லிட்டரைப் பார்த்ததே தவிர, எங்கள் நிலத்தைக் கெடுத்த உப்பைப் பார்க்கவில்லை. நெதர்லாந்தில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைகளிடம் நீரின் அளவுக்காக அல்லாமல் அதிலுள்ள மாசின் அளவுக்காகக் கட்டணம் வசூலித்தார்கள். வசூலான பணம் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப் பயன்பட்டது. மாசைக் குறைத்த ஆலைக்குக் கட்டணமும் குறைந்தது.

இங்கே 2011 ஜனவரியில் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை நிலைபெற்றது. இன்று திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் மீட்ட உப்பும் தண்ணீரும் மீண்டும் சாயத்தொட்டிக்கே போகின்றன. முன்பு ஆற்றில் கொட்டிய பொருளை இப்போது மிச்சப்படுத்துகிறார்கள்.

இவ்வளவு மாசை வெளியேற்றலாம் என்ற உரிமத்தை ஆலைகள் தங்களுக்குள் விற்று வாங்கும் முறையை நொய்யலுக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டமே இல்லாத ஆற்றில், கோவையில் ஒருவர் குறைத்த உப்பு, அணைக்கு மேலே இன்னொருவர் கூட்டிய உப்புக்கு ஈடாகாது. ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் உப்பின் உச்சவரம்பை முதலில் வகுத்து, அதற்குள் மட்டுமே விலை பேச வேண்டும். அளவுமானி காட்டும் எண்ணைக் கீழ்மடை விவசாயியும் அன்றன்றே பார்க்க முடிய வேண்டும்.