நட்டம் தந்த ஓரங்களை இயற்கைக்கு விட்ட கதை

நிலத்தில் ஒரு பகுதியை இயற்கைக்கு விடலாமா என்று பேச்செடுத்ததும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "அப்போ வருமானம்?" நியாயமான கேள்விதான். அதனால் வேலையைக் கணக்கு நோட்டிலிருந்தே தொடங்கினோம்.

மொத்த நிலத்துக்கும் ஒன்றாக எழுதிவந்த வரவு செலவைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். ஓடைக்கரை, தண்ணீர் தேங்கும் பள்ளம், மரநிழல் விழும் விளிம்பு, டிராக்டர் திரும்பித் திரும்பி மண் இறுகிய இடம். இங்கெல்லாம் உழவும் விதையும் உரமும் நல்ல மண்ணுக்கு ஆகிற அதே செலவு. விளைச்சல்தான் இல்லை. பயிரை நிறுத்தினாலே மிச்சம் என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் ஹில்ஸ்டென் என்ற இடத்தில் சுமார் 900 ஹெக்டேர் பண்ணையில் இதைச் சோதித்திருக்கிறார்கள். நிலத்தில் 8 சதவீதம் வரை இப்படி எடுத்துப் பூச்செடியும் புல்லும் வளர்த்தும் மொத்த விளைச்சல் குறையவில்லை, சில பயிர்களில் கூடவும் செய்தது என்று 2015இல் முடிவு வெளியானது. வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது அந்தச் செய்திதான்.

அப்புறம், எதை வளர்ப்பது? கேட்டவர்கள் எல்லாரும் மரம் நடச் சொன்னார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. புல்வெளியாக இருந்த மண்ணில் மரத்தைக் கொண்டுபோய் நட்டால், புல்லில் தரையோடு கூடு கட்டும் பறவைக்குப் போக்கிடம் ஏது? உழவே படாமல் தப்பிய வேலியோரக் கீற்றுகளில் என்ன முளைக்கிறது என்று பார்த்து, அங்கிருந்தே விதை எடுத்தோம். உரம் போடவில்லை. உரமிட்டால் கொழுப்பது களைதான்.

முதல் வருடம் பார்க்கச் சகிக்காது. பல்லாண்டுப் புல் முதலில் வேரைத்தான் வளர்க்கும், மேலே தெரிவதெல்லாம் களை. களை விதை கட்டுவதற்குள் உயர்த்தி வெட்டி, புல்லுக்கு வெயில் கிடைக்கச் செய்வதே அந்த வருடத்து வேலை. வயலைத் தரிசாகப் போட்டுவிட்டதாக ஊரே பேசும். பேசட்டும்.

புல் பிடித்ததும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் அங்கே தங்க ஆரம்பித்தன. அவை பெருகி, பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைப் பிடிக்கச் சில நாள் ஆகும். அதற்குள் பூச்சிமருந்து தெளித்தால் இந்த வண்டும் குளவியும்தான் முதலில் சாகும். அதனால் தேதி பார்த்துத் தெளிப்பதை விட்டு, பூச்சியை எண்ணி, தேவைப்பட்டால் மட்டும் தெளிக்கிறோம். செலவில் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது இதுதான்.

புல்லை ஒரே நேரத்தில் முழுக்க வெட்டுவதில்லை. குஞ்சுகள் பறந்தபின், ஒரு வருடம் ஒரு பகுதி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. அப்போதுதான் உள்ளே இருப்பவை ஓடித் தப்பும். வெட்டியது தீவனமாகிவிடும்.

பயிர் மேயும் விலங்குகளும் வரத்தான் செய்கின்றன. வேலியை நிலத்தைச் சுற்றிப் போடாமல் பயிரைச் சுற்றி மட்டும் போட்டிருக்கிறோம். சோலார் வேலி. கம்பியில் புல் உரசினால் மின்சாரம் கசிந்துவிடும் என்பதால், அடியில் சீவிவிடும் வேலை மட்டும் ஓய்வதில்லை.