வயல்ல வானம் தெரியுற நாட்கள்

மே 24

டோக்கியோல இருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில்ல எச்சிகோ-யுசாவா, அங்க மாறி ஹொகுஹொகு லைன்ல மாட்சுதாய். நீண்ட நீண்ட டன்னல், ஒவ்வொண்ணும் முடிஞ்சு வெளிய வரும்போது கண்ணு கூசுற பச்சை. நீகாதா மாகாணத்து மலை ஊர் இது. ஸ்டேஷன்ல இருந்து கார்ல 20 நிமிஷம் போனா ஹொஷிதோகே, சின்னதும் பெருசுமா சுமார் 200 வயல் சரிவு முழுக்க மீன் செதில் மாதிரி அடுக்கி இருக்கு. இன்னும் நடவு ஆகல, எல்லாத்துலயும் தண்ணி மட்டும்தான். அறுவடை முடிஞ்ச பிறகும் பல வயல்ல தண்ணிய தேக்கியே வெச்சிடுறாங்க, களிமண்ணு காஞ்சு வெடிச்சா அடுத்த வருஷம் தண்ணி நிக்காது, மலை மேல ஆத்துப் பாசனமும் கிடையாது, குளிர்காலத்துல சில வருஷம் 3 மீட்டருக்கு மேல குவியுற பனி உருகி வர்ற தண்ணியையும் மழையையும்தான் நம்பி இருக்காங்க.

வரப்ப மட்டும் பென்சில்ல போட்டேன். மீதி எல்லாம் வானம், பேப்பர அப்படியே வெள்ளையா விட்டுட்டேன்.

மே 25

நாலரைக்கெல்லாம் சூரியன் வந்துடுது. பனிமூட்டத்துல பாதி வயல் காணோம். ஒரு ஹொதோதோகிசு, குயில் ஜாதிதான், விடாம கத்திட்டே இருந்துச்சு. இந்த ஊர்க்காரங்க காதுக்கு அது 'தொக்கியோ கியொக்கா கியொகு'ன்னு, அதாவது காப்புரிமை அனுமதி ஆபீஸ்னு கேக்குமாம். ஒரு தடவ அப்படி கேட்டுட்டா அப்புறம் வேற மாதிரி கேக்கவே மாட்டேங்குது.

ஜூன் 1

நடவு! ரோட்டோரமா இருக்குற வயல்ல மெஷின் ஓடுது. நாத்து 30-க்கு 60 சென்டிமீட்டர் தட்டுல பாய் மாதிரி வளர்ந்து இருக்கு, அத அப்படியே மெஷின் முதுகுல ஏத்தினா வரிசைக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டுட்டே போகுது. ஆனா இங்க எந்த வயலும் சதுரம் கிடையாது, வளைஞ்சு வளைஞ்சு போற மூலையில மெஷின் திரும்பாது, அந்த இடத்த எல்லாம் ஒரு பாட்டி இடுப்புல நாத்துக் கூடைய கட்டிட்டு கையால நட்டுட்டு வந்தாங்க. மூணு விரல்ல பிடிச்சு ஒரு அழுத்து, அவ்ளோதான், அடுத்தது. எங்க அத்தை கும்பகோணத்துல நட்டதும் இதே கைதான், பார்த்ததும் தொண்டை அடைச்சிடுச்சு. அந்தக் கையத்தான் பதினோரு தடவ போட்டேன், ஒண்ணு மட்டும் சரியா வந்துச்சு.

வயலுக்குள்ள இறங்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு, அதனால ரோட்டோரமாவே உக்காந்திருந்தேன். பாட்டி நிமிர்ந்து, "எகாகி-சான், புல்லுல உக்காராதீங்க, பாம்பு வரும்"னாங்க. எகாகின்னா படம் போடுறவங்க. இந்த ஊர்ல எனக்கு அதான் பேரு இப்போ. நட்டு முடிச்ச வயலுக்கு உஎதான்னு பேருன்னு சொல்லிக் குடுத்ததும் அவங்கதான்.

ஜூன் 8

இன்னிக்கு முழுக்க பச்சையோடதான் மல்லுக்கட்டல். டியூப்ல வர்ற சாப் கிரீன அப்படியே வெச்சா நாத்து பிளாஸ்டிக் மாதிரி தெரியுது. லெமன் எல்லோல துளி அல்ட்ராமரைன் விட்டதும்தான் கொஞ்சம் கிட்ட வந்துச்சு. ஜப்பான்காரங்க இந்த இளசு நிறத்துக்கு நாஎ-இரோன்னு, நாத்து நிறம்னே தனியா ஒரு பேர் வெச்சிருக்காங்க.

சாயங்காலம் மாட்சுனொயாமா பக்கம் பிஜின்பயாஷிங்கிற பீச் மரக் காட்டுக்குப் போனேன். 1920கள்ல கரிக்காக மொத்த மலையையும் மொட்டையா வெட்டிட்டாங்க, அடுத்த வருஷம் பீச் மரக்கன்னு எல்லாம் ஒரே நேரத்துல முளைச்சு வந்ததாம், அதான் எல்லா மரமும் ஒரே பருமன்ல நேரா நிக்குது. வழியில ஒரு குளத்து மேல தொங்குற கிளையில சோப்பு நுரை மாதிரி உருண்டை. மரத்தவளை முட்டை! தலைப்பிரட்டை பொரிஞ்சதும் நேரா தண்ணியில விழுமாம். கீழ பார்த்தா சிவப்பு வயிறு நியூட், தண்ணியில வாழுற பல்லி மாதிரி, நாலஞ்சு வாய மேல தூக்கிட்டு காத்துட்டு இருக்கு. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன், போடவே தோணல.

ஜூன் 15

மழை. ட்சுயு, இந்த ஊர் மழைக்காலம், ஆரம்பிச்சிடுச்சு. பேப்பர் காயவே மாட்டேங்குது.

மழையில குடைக்குள்ள நின்னு பார்க்கும்போதுதான் மேல் அடுக்குல சில வயல் தண்ணி இல்லாம, புல்லும் நாணலும் மண்டிக் கிடக்குறது தெரிஞ்சுது. உழ ஆள் இல்ல. நகரத்துக்காரங்க வருஷத்துக்கு ஒரு தொகை குடுத்து இந்த மாதிரி வயல தத்தெடுக்குற ஏற்பாடு மாட்சுதாய்ல நடக்குது, அப்படியும் எல்லாத்தையும் காப்பாத்த முடியல. இத்தன நாளா என் படத்துல அந்த வயல்கள நான் விட்டுட்டே வந்திருக்கேன், அழகா இல்லன்னு. இன்னிக்கு சேர்த்துப் போட்டேன்.

ஜூன் 22

தூர் கட்டிடுச்சு. போன மாசம் வானமா இருந்த இடமெல்லாம் பயிர். உஎதா போய் இப்போ அஓதா ஆயிடுச்சு, அஓன்னா நீலம், பச்சைக்கும் அதே சொல்தான் இங்க, சிக்னல்ல பச்சை விழுந்தாலும் அஓன்னுதான் சொல்றாங்க. தூரத்து மழை இருட்டுக்குள்ள இந்தப் பயிரப் பார்த்தா நிஜமாவே நீலம் கலந்திருக்கு. முதல் தடவையா பச்சைக்குள்ள தைரியமா கோபால்ட் விட்டேன்.

சீக்கிரமே தண்ணிய வடிச்சு வயல காய விடுவாங்கன்னு பாட்டி சொன்னாங்க, நாகாபொஷி. மண்ணு லேசா வெடிக்கணும், அப்போதான் வீணா தூர் விடுறது நின்னுபோகும், வேர் கெட்டியாகும். அதனால இன்னிக்கு மூலையில, பாட்டி கையால நட்ட இடத்துல, வரிசைக்கு நடுவுல மிச்சம் இருந்த ஒரு விரல் அகல வானத்த மட்டும் போட்டேன். பெயின்ட் காயல. நோட்ட மூட முடியாம மடியில விரிச்சு வெச்சிட்டே ரயில்ல உக்காந்திருக்கேன்.