நாலு மணி டீ மூன்று நிமிடம் முன்னால் வந்தது

எங்கள் சோதனைக்கூடத்துக்கு டீ கொண்டுவருபவர் கிருஷ்ணகிரிக்காரர். பெங்களூர் கோரமங்கலாவின் உள்தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில், மாவு மில்லுக்கு மேலே இருந்த அந்தக் கூடத்தில் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அத்தனை நாளும் சாயங்கால டீ நாலு மணிக்குத்தான் வந்தது. எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிளாஸ்க்கைத் தூக்குவார், எங்கள் படி ஏறும்போது நாலு. இது தவறியதே இல்லை. அப்படிப்பட்டவர் 2013 ஜூலையில் ஒரு நாள் மூன்று நிமிடம் முன்னதாக வந்துவிட்டார். அதாவது, நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் அப்படிச் சொன்னது. திரையின் மூலையில் 3:57.

"என்னண்ணே, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றேன்.

"சீக்கிரமா? மணி அடிச்சாச்சே தம்பி" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் மதர்போர்டுகள் எங்களிடம் வரும். அதில் பிராசஸரை மாட்டி, அது தாங்குகிற எல்லை வரை வேகத்தை ஏற்றி, ஒரு கணக்கைப் போட எத்தனை நொடி எடுக்கிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். இப்படி வேகம் ஏற்றிப் பார்க்கும் ஓவர்கிளாக் பிரியர்கள் வாங்கும் போர்டுகள் என்பதால் நொடியின் பின்னத்துக்கும் விலை உண்டு.

கணக்கு என்பது பை (π), அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணின் மதிப்பு, பல லட்சம் இலக்கம் வரை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுமசா கனடா என்பவரின் ஆய்வகம் 1995இல் சூப்பர் கம்ப்யூட்டரில் பை கணக்கிட்ட நிரலை வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிக் கொடுத்தது. அன்றிலிருந்து சூப்பர் பை என்ற அந்த நிரல் ஓவர்கிளாக் உலகத்தின் நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி. அதன் பழைய விண்டோஸ் பதிப்பு முழு நொடிகளை மட்டும்தான் காட்டும். போட்டி சூடானபோது ஆர்வலர்கள் அதை மாற்றி மில்லிநொடி காட்ட வைத்தார்கள். எங்களிடம் இருந்தது வேறொரு நிரல், அதே கணக்குமுறையில் எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனது. அதுவும் முழு நொடிதான் காட்டும். அதை மாற்றுகிற வேலை எனக்கு வந்தது.

முதலில் சுலபமான வழியில் போனேன். விண்டோஸ் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்கிற ஒரு அழைப்பு உண்டு. கணக்கு தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று, கழித்தால் விடை. மூன்று தசமம் வந்ததும் பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு நாள் கழித்து எக்செல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறுத்தியது. 8.330, 8.346, 8.346, 8.361, 8.377. நடுவில் 8.338 என்றோ 8.352 என்றோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் பதினைந்து, பதினாறாகத் தாவின. அந்த அழைப்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணி நொடிக்கு 64 முறைதான் நகரும், அதாவது 15.625 மில்லிநொடிக்கு ஒரு படி. கடைசி இரண்டு இலக்கமும் வெறும் அலங்காரம்.

சரி, நுட்பமான எண்ணிக்கு மாறுவோம் என்று விண்டோஸின் பெர்ஃபாமன்ஸ் கவுன்டரைப் பிடித்தேன். இப்போது ஆறு தசமம். அதே வாரத்தில் சோதனைக் கம்ப்யூட்டரையும் விண்டோஸ் 7இலிருந்து 8க்கு மாற்றினோம். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் செய்யக்கூடாது என்று இன்று யார் வந்தாலும் சொல்வேன். அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

புது ஏற்பாட்டில் ஐ7-4770கே பிராசஸர் 4.5 கிகாஹெர்ட்ஸில் பெரிய கணக்கை, அதாவது 3,35,54,432 இலக்கங்களை, 7 நிமிடம் 3 நொடியில் முடித்தது. பழைய ஏற்பாட்டில் அதே சில்லு, அதே வேகம், 7 நிமிடம் 20 நொடி. பதினேழு நொடி மிச்சம்! புது விண்டோஸ், மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலும் புதுசு, அதனால்தான் என்று நாங்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டோம். எட்டு நிமிடம் என்று வந்திருந்தால் அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கியிருப்போம். விடை நமக்குப் பிடித்தமாதிரி வந்தால் யாரும் குடைவதில்லை. அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனது, எங்கள் போர்டு பட்டியலில் முதலிடம்.

அப்புறம்தான் அந்த டீ.

எங்கள் தலைவர் ஒரு திருச்சிக்காரர், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா ஜாலஹள்ளி எச்எம்டி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெங்களூரில் எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அப்பா கட்டிய சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்றைத்தான் அண்ணன் கட்டியிருப்பார். டீ விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலு மணி. டீக்காரர் சரியாத்தான்டா வந்திருக்காரு. உன் மெஷின்தான் தூங்குது."

மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து மறுநாள் எஸ்.பி. ரோடுக்கு ஓடினேன். அந்தச் சந்துகளில் கிடைக்காத பொருள் இல்லை, ஒதுங்கி நிற்க இடம்தான் இல்லை. சிஆர்2032 பேட்டரி இரண்டு வாங்கி வந்து மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. பேட்டரி தீர்ந்தால் மின்சாரம் இல்லாதபோதுதான் மணி பிந்தும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் பிந்த வேண்டும் என்று அண்ணன் கேட்டார். பஸ்ஸில் போகும்போதே எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

அன்று மதியம் அவர் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஓட்டு" என்றார். கணக்கு தொடங்கிய நொடியை நான் சத்தமாகச் சொன்னேன், அவர் தாளில் எழுதினார். கணக்கு 24 சுற்று. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் இருவரும் குறித்துக்கொண்டோம். முதல் சுற்றில் வித்தியாசம் கையின் தடுமாற்றத்துக்குள் இருந்தது. பத்தாவது சுற்றில் ஏழு நொடி. முடிவில் என் நிரல் 7:03 என்றது, வாட்ச் 7:20. நான் ஒன்றும் பேசாமல் நிரலின் பழைய பதிப்பை எடுத்து ஓட்டினேன், தாவித் தாவி எண்ணுகிற அதே முட்டாள் பதிப்பை. அதுவும் 7:03. ஆக என் மாற்றம் மட்டும் காரணமில்லை, அடியில் ஏதோ இருக்கிறது.

சின்னக் கணக்கில், பத்து லட்சம் இலக்கம் மட்டும் போடும்போது, இது பிடிபட்டே இருக்காது. எட்டு நொடியில் 0.3 நொடி வித்தியாசம் எந்த மனிதக் கைக்கும் தெரியாது. ஏழு நிமிடம் ஓடவிட்டால்தான் மூட்டையிலிருந்து பூனை வெளியே வருகிறது.

காரணம் நாங்கள் வேகம் ஏற்றிய முறையிலேயே இருந்தது. பிராசஸரின் வேகம் என்பது அடிப்படைத் துடிப்பைப் பெருக்கி வருவது. பயாஸில் யாரோ சேமித்து வைத்திருந்த அமைப்பு 104 மெகாஹெர்ட்ஸ், 42 பெருக்கல். அதிலேயே மெஷின் ஏறும். விண்டோஸ் வந்தபின் ஒரு கருவியைத் திறந்து துடிப்பை 100க்கு இறக்கி, பெருக்கலை 45க்கு ஏற்றுவோம். ஒவ்வொரு தடவையும் மறுபடி தொடங்கிக் காத்திருக்க வேண்டாமே என்பதற்காக எல்லோரும் செய்கிற காரியம். பிராசஸருக்குள் 1993இன் பென்டியம் காலத்திலிருந்து ஒரு எண்ணி இருக்கிறது, துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். விண்டோஸ் 8 தொடங்கும்போது இந்த எண்ணி நொடிக்கு எத்தனை எண்ணுகிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் அதையே நம்பிக் காலத்தை நகர்த்துகிறது. எங்கள் மெஷினில் அளந்தது 104இல், ஓடியது 100இல். ஆகவே உண்மையில் 104 நொடி போனால் மெஷினுக்கு 100 நொடிதான். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்த கடைக்காரரைப் போல, ஆனால் இங்கே புளியை ஒட்டியது யாருக்கும் தெரியாமல் நாங்களே. விண்டோஸைத் திட்டவும் மனம் வரவில்லை. ஓடும்போதே காலடித் தரையை இழுப்பவர்களுக்காக அதை யாரும் செய்யவில்லை.

ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மெஷின் நாளொன்றுக்கு 55 நிமிடம் பிந்தும். அண்ணனின் அப்பா வாட்ச் அரை நிமிடம் பிந்தும், அதையும் அவர் தினம் காலையில் சாவி கொடுக்கும்போது சரி செய்துவிடுவார்.

இதில் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெர்ஃபாமன்ஸ் கவுன்டர் தன் வேகம் என்ன என்று கேட்டால் சொல்லும். என் நிரல் ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் வரியிலும் அதை அச்சிட்டது: 35,54,687. மதர்போர்டில் 35,79,545 என்ற வேகத்தில் ஓடும் தனி எண்ணி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். பிராசஸர் வேகம் மாறினாலும் அது மாறாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்ததால், ஆகா, நாம் நல்ல எண்ணியில்தான் இருக்கிறோம் என்று கடந்துபோனேன். கிட்டத்தட்ட! அந்த 35,79,545 என்பது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறச் சமிக்ஞைக்கு வைத்த அலைவரிசை. தொலைக்காட்சிக்காக அதன் நான்கு மடங்கில், 1,43,18,180இல், துடிக்கும் படிகம் மலிவாகக் கிடைத்ததால் 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியில் அதையே போட்டது, அதில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தப் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ். அப்படிப் பிறந்த எண் ஏழு இலக்கமும் பிசகாமல்தான் வரும். எனக்கு வந்தது வேறு: 104 மெகாஹெர்ட்ஸை இந்தச் சில்லின் இயல்பான பெருக்கலான 35ஆல் பெருக்கி, 1024ஆல் வகுத்தால் 35,54,687. அதாவது பிராசஸரின் சொந்த எண்ணி, வேடம் மாறி. பதில் முதல் நாளிலிருந்தே திரையில் இருந்தது.

திருத்தம் ஒரே ஒரு கட்டளை. விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் பிசிடிஎடிட் என்ற கருவியில் பிளாட்ஃபார்ம் கிளாக்கைக் கட்டாயமாக்கி மறுபடி தொடங்கினால் எச்பெட் என்ற வெளி எண்ணிக்கு மாறும். முதல் வரியில் 1,43,18,180 வந்தது. பெரிய கணக்கு 7:20. வாட்சும் 7:20. அந்த எண்ணியைப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், நொடிக்கு ஆயிரக்கணக்கில் படிக்கிற விளையாட்டுகளில் அதுவே இழுவையாகிவிடும். நாங்கள் ஓட்டத்துக்குச் சில தடவைதான் படித்தோம், பாதகமில்லை.

இனி அறிக்கை. அண்ணன் அன்று ராத்திரியே எழுதச் சொன்னார். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். முதலிடத்தில் இருந்த போர்டு மூன்றாமிடத்துக்குப் போகிறது என்று எழுத விரல் வரவில்லை. விற்பனைப் பிரிவிலிருந்து வந்த முதல் பதில், பழைய எண்ணையே வைத்துக்கொள்ள முடியாதா என்றுதான் கேட்டது. அதற்கு அண்ணன் என்ன பதில் போட்டார் என்று எனக்குக் காட்டவில்லை, ஆனால் எண் மாறியது. ஆகஸ்டில் உலக ஓவர்கிளாக் தரவரிசையை வைத்திருக்கும் எச்டபிள்யூபாட், விண்டோஸ் 8இல் எடுத்த முடிவுகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. எங்கள் ஐ7 சேர்ந்த அதே ஹாஸ்வெல் பிராசஸர் வரிசை மெஷினில் துடிப்பை 130லிருந்து 122க்கு இறக்கினால் ஐந்து நிமிடத்தில் கடிகாரம் 18 நொடி பிந்துகிறது என்று அவர்களும் காட்டியிருந்தார்கள். அண்ணன் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். விற்பனைப் பிரிவு அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. நாங்கள் ஒரு மாதம் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டு உலகத்துக்குச் சொல்லாமல் இருந்தோமே என்று எனக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல்.

சோதனைத் தாளில் 'வாட்ச்' என்று ஒரு புதுப் பத்தி சேர்ந்தது. பெரிய கணக்கு ஓடும்போதெல்லாம் அண்ணனின் வாட்சை மேசைமேல் வைத்துக் குறிக்க வேண்டும். ஆறேழு மாதம் கழித்துச் சேலத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே பதறிக்கொண்டு வந்தாள். "அண்ணா, நம்ம மெஷின் எல்லாமே தப்பா ஓடுது. ஏழு நிமிஷம் ஓடின கணக்குக்கு வாட்ச்ல ஒரு நொடிகூட ஆகலை."

அண்ணன் முந்தின நாள் ராத்திரி ரயிலில் திருச்சியிலிருந்து வந்தவர், வந்த அசதியில் காலையில் சாவி கொடுக்க மறந்திருந்தார். முள் பதினொன்று பத்தில் நின்றிருந்தது.