பயாப்ஸி ரிப்போர்ட்ல செல் பெருகியிருக்குன்னா என்ன?

என் கிட்னி பயாப்ஸி ரிப்போர்ட்ல 'மெசாஞ்சியல் செல்கள் பெருகியிருக்கு'ன்னு ஒரு வரி இருந்துச்சு, பாத்ததும் கேன்சரோன்னு வயிறு கலங்கிடுச்சு. டாக்டர் அதெல்லாம் இல்ல, ஐஜிஏ நெஃப்ரோபதி, அதாவது ஐஜிஏங்கிற ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு செய்யற புரதம்) கிட்னி ஃபில்டர்ல படிஞ்சு வர்ற அழற்சின்னாரு. சரி, அழற்சின்னா வீங்கும், செல் எதுக்கு பெருகணும்? அத விட மனசில்லாம தேடித்தேடி படிச்சேன்.

ஒரு கிட்னிக்கு சுமார் 10 லட்சம் குட்டி ஃபில்டர் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சரியாம தாங்கிப் புடிக்கிறதுதான் இந்த மெசாஞ்சியல் செல், பந்தலுக்கு கால் மாதிரி. ஐஜிஏ கட்டிகட்டியா அங்க போய் படிஞ்சதும் அந்த செல்லும், அங்க வந்து சேர்ற பிளேட்லெட்டும் மேக்ரோஃபேஜ்ங்கிற வெள்ளை செல்லும் பிடிஜிஎஃப்ங்கிற க்ரோத் ஃபேக்டர (செல்லுக்கு சேதி சொல்ற புரதம்) விடுது, 'பெருகு'ங்கிற உத்தரவு அதுதான். கூடவே டிஜிஎஃப் பீட்டான்னு இன்னொரு க்ரோத் ஃபேக்டர் வந்து செல்லுக்கு வெளிய நார்ப்பொருள கொட்டச் சொல்லுது. கையில வெட்டுப்பட்டா காயம் மூடுறதும் இதே ஆளுங்க வேலைதான். ஆனா சல்லடை ஓட்டைய பூசி அடைச்சா அது சல்லடையா என்ன?

எலியில செஞ்ச ஒரு சோதனைதான் எனக்கு ரொம்ப புடிச்சது. மெசாஞ்சியல் செல்ல தாக்குற ஆன்டிபாடிய ஒரு தடவ ஊசி போட்டா அழற்சி வருது, செல் பெருகுது, சில வாரத்துல தானாவே அடங்கிடுது. திரும்பவும் போட்டா டிஜிஎஃப் பீட்டா இறங்கவே மாட்டேங்குது, நிரந்தர தழும்பாயிடுது. அதாவது ஆறுற புண்ண நோண்டிக்கிட்டே இருக்கிற கதை. 1990லயே டிஜிஎஃப் பீட்டாவ தடுத்து எலியில இந்த நார் சேர்றத குறைச்சும் காட்டிட்டாங்க.

அப்ப மனுஷனுக்கும் தடுத்துட வேண்டியதுதானேன்னு நானும் துள்ளினேன். ஆனா டிஜிஎஃப் பீட்டா 1 ஜீன் இல்லாம பொறந்த எலிங்க பல உறுப்புல அழற்சி வந்து சில வாரத்துல செத்துடுச்சு, ஏன்னா நோய் எதிர்ப்பு சக்திய கட்டுல வைக்கிறதும் அதே டிஜிஎஃப் பீட்டாதான். சர்க்கரையால கிட்னி கெட்டவங்களுக்கு டிஜிஎஃப் பீட்டாவ தடுக்கிற ஆன்டிபாடிய குடுத்து பாத்தாங்க, பலன் தெரியலன்னு நிறுத்திட்டாங்க. ரத்தக்குழாய வளர்க்கிற விஇஜிஎஃப்ங்கிற க்ரோத் ஃபேக்டர் கதை இன்னும் வேடிக்கை, அத ஃபில்டர்ல இருக்கிற போடோசைட்ங்கிற செல்லே சுரக்குது, கேன்சருக்கு அத தடுக்கிற பெவாசிசுமாப்ங்கிற மருந்து போட்டா சிலருக்கு யூரின்ல புரோட்டீன் போக ஆரம்பிச்சிடுது. கூடினாலும் வம்பு, குறைஞ்சாலும் வம்பு. ஹெச்ஜிஎஃப்னு வேற ஒரு க்ரோத் ஃபேக்டர் டிஜிஎஃப் பீட்டாவுக்கு எதிரா வேலை செய்யுதாம், ஆனா அது இன்னும் கிட்னிக்கு மருந்தா வரல.

இவ்ளோ படிச்சப்புறம்தான் என் மாத்திரை மேல இருந்த கடுப்பு போச்சு. எனக்கு பிபியே இல்ல, எதுக்கு லோசார்டன்ங்கிற பிபி மாத்திரைன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டவன் நான். அது ஃபில்டருக்குள்ள பிரஷர குறைச்சு புரோட்டீன் கசியறத குறைக்குது, அதோட ஆஞ்சியோடென்சின் 2ங்கிற பிபி ஏத்துற ஹார்மோன் போய் டிஜிஎஃப் பீட்டாவ கிளப்பிவிடுற வழியையும் அடைக்குதாம். நேரடியா கை வைக்க முடியாத ஆள பக்கத்து வீட்டுக்காரர வச்சு அடக்குற மாதிரி. இப்பல்லாம் ராத்திரி மாத்திரைய மறக்கிறதில்ல, இந்த மாத்திரையால பொட்டாசியம் ஏறுதான்னு பாக்குற டெஸ்ட்டுக்கு மட்டும் இன்னமும் முணுமுணுத்துக்கிட்டேதான் போறேன்.